மாலை போட்டது போதும், வயலுக்குக் கூப்பிடுவோம்

மாசி மகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்க. சுற்றுலா வந்த கூட்டம் கலைஞ்சு போற நேரத்துல வேறொரு கூட்டம் வந்து சேரும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கமிருந்து இருளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வந்து, புடவையைக் கட்டி மறைப்புப் போட்டு, ராத்திரி முழுக்க மணலிலேயே தங்குவார்கள். விடியற்காலையில் கடலைப் பார்த்து மணலில் படி கட்டி, கன்னியம்மனுக்குப் படையல் வைப்பார்கள். கல்யாணம், மொட்டை, காதுகுத்து எல்லாம் அங்கேயே நடக்கும். கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாள், அவளைச் சமாதானம் செய்து வீட்டுக்குக் கூட்டி வரத்தான் இத்தனை பேரும் வருகிறோம் என்று அவர்களில் பெரியவர்கள் சொல்வார்கள்.

போனவளைத் திரும்பக் கூப்பிடுவதற்காகவே ஒரு திருவிழா. அந்த மக்களிலிருந்தே இரண்டு பேர் கடல் தாண்டிப் போய், பேர் வாங்கித் திரும்பி வந்தார்கள். அவர்களை நாம் எப்படி வரவேற்றோம், அவர்கள் கையில் இருந்த வித்தையை என்ன செய்தோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இது நம்ம வரப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் உழவர் பத்திரிகையில் எழுதுகிறேன்.

ஃபுளோரிடாவில் நடந்தது

அமெரிக்காவின் தென்கோடியில் ஃபுளோரிடா மாநிலம். அங்கே எவர்கிளேட்ஸ் என்று ஒரு பெரிய சதுப்புநிலக் காடு இருக்கிறது. வீட்டில் வளர்ப்பதற்காக ஆசியாவிலிருந்து இறக்குமதி செய்த பர்மிய மலைப்பாம்புகள் அந்தக் காட்டுக்குள் போய்ப் பெருகிவிட்டன. அவற்றைத் தின்ன அங்கே பெரிதாக எதுவும் இல்லை. அவை தின்னாததும் எதுவும் இல்லை. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மலைப்பாம்பு அதிகமுள்ள பகுதிகளில் ரக்கூன் போன்ற சிறு பாலூட்டிகள் கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டதாகச் சொன்னது.

அரசு என்னென்னவோ செய்து பார்த்தது. மோப்ப நாய் விட்டது. பாம்புகளுக்குள் ரேடியோ கருவி வைத்துப் பின்தொடர்ந்தது. 2016இல் பரிசு அறிவித்து வேட்டைப் போட்டியே நடத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டு ஒரு மாதம் சுற்றியதில் கிடைத்தவை 106 பாம்புகள்.

அடுத்த ஆண்டு, 2017 சனவரியில், ஃபுளோரிடா வனவுயிர் ஆணையமும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் சேர்ந்து நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இரண்டு பேரை வரவழைத்தன. மாசி சடையன், வடிவேல் கோபால். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பள்ளிக்கூடம் கொடுத்த படிப்பு இல்லை, ஆங்கிலம் தெரியாது, மொழிபெயர்க்க இரண்டு பேர் கூடப் போனார்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. கைவிடப்பட்ட ஒரு பழைய ஏவுகணைத் தளத்துக்குள் பதுங்கியிருந்ததைக் கண்டுபிடித்து இழுத்துப் போட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை இல்லை. நம்ம செங்கல்பட்டு வட்டாரத்தில் மலைப்பாம்பு தினம் தட்டுப்படுகிற உயிரினம் கிடையாது. அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்தது நல்லபாம்பும் விரியனும் சாரையும்தான். பர்மிய மலைப்பாம்பு அவர்களுக்குப் புதுசு, அந்தக் காடும் புதுசு. பிறகு எப்படி முடிந்தது? மற்றவர்கள் கரை மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு, வெயில் காய வரும் பாம்பு கண்ணில் படுமா என்று பார்த்தார்கள். இவர்கள் வண்டியை விட்டு இறங்கிப் புதருக்குள் நடந்தார்கள். எச்சம் எங்கே கிடக்கிறது, சட்டை எங்கே உரிந்திருக்கிறது, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மண் எங்கே வழவழப்பாகி இருக்கிறது என்று தரையைப் படித்தார்கள்.

தரையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஊர் மாறினாலும் தரை தரைதான். அந்த வித்தை செங்கல்பட்டு வரப்பில் கற்றது. நம்ம வரப்பில்.

2023 குடியரசு நாளையொட்டி இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நாடே கொண்டாடியது, நாமும் கைபேசியில் படத்தைப் பகிர்ந்துகொண்டோம். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். மாலை போட்ட கையோடு வாசலிலிருந்தே அனுப்பி வைத்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். நம்ம வயலுக்குள் வாங்க என்று கூப்பிடவில்லை.

வலியில் விளைந்த வித்தை

இந்த வித்தை சும்மா வந்ததில்லை. ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பு பிடித்தது தோலுக்காக. சென்னையில் பாம்புத்தோல் பதனிடும் தொழில் பெரிதாக நடந்தது. வெளிநாட்டுக்காரர்களின் கைப்பைக்கும் செருப்புக்கும் நம்ம வயல் சாரைப்பாம்பு தோல் கொடுத்தது. பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறை, நடுவில் இருந்தவர்களுக்குத்தான் காசு. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடையும் வந்தது. சட்டம் சரியான சட்டம்தான். ஆனால் அதோடு அந்தக் குடும்பங்களின் அடுப்பும் அணைந்தது.

அந்த இக்கட்டில் பிறந்ததுதான் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்முயற்சியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்கும் சங்கம் அது. பாம்பைக் கொன்று தோலுரித்த அதே கைகள், உயிரோடு பிடித்து நஞ்செடுத்துத் திரும்பக் காட்டில் விடுகிற வேலைக்கு மாறின. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதிக்கிற எண்ணிக்கையில் பிடித்து வருவார்கள். மண்பானையில் வைத்து, சுமார் மூன்று வாரத்தில் நாலு தடவை நஞ்செடுப்பார்கள். அதே பாம்பைச் சீக்கிரமே மறுபடி பிடித்துவிடாமல் இருக்க வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்துத் திரும்ப விட்டுவிடுவார்கள்.

அந்த நஞ்சு உலர்த்தப்பட்டு மருந்து கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குதிரை ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். இந்தியாவில் இந்த மருந்துக்காகப் போகும் நஞ்சில் பெரும்பங்கு வடநெம்மேலியிலிருந்து போனது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. பாம்பு கடிப்பது யாரை? 2020இல் வெளியான ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். ஆண்டுக்கு 58,000 பேர். அதில் மிகப் பெரும்பாலானோர் கிராமத்துக்காரர்கள், மழைக்காலத்தில் வயலில் நிற்பவர்கள். அதாவது நாம். ராத்திரி மோட்டார் போடப் போகிறவர், களை பறிக்கிற அம்மா, வைக்கோல் போரில் கை விடுகிற பையன். அவர்கள் ஆசுபத்திரிக்குப் போனதும் ஏற்றப்படுகிற அந்த மருந்தின் தொடக்கத்தில் ஓர் இருளரின் கடப்பாரை இருக்கிறது.

ஒரே இடத்து நஞ்சில் செய்த மருந்து நாடு முழுக்க ஒரே அளவில் வேலை செய்யாது, பாம்பின் நஞ்சு இடத்துக்கு இடம் மாறும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அது உண்மை. மற்ற வட்டாரங்களிலும் இப்படி நஞ்சு சேகரிப்பு வரவேண்டும். செங்கல்பட்டுக்காரர்களான நமக்கோ நம்ம மண்ணின் பாம்பிலிருந்தே மருந்துக்கு நஞ்சு போயிருக்கிறது. இதைவிடப் பெரிய ஊர்க்காவல் என்ன இருக்கிறது? வீரம் என்றால் வாளெடுத்தவர் பேரைத்தான் சொல்கிறோம். வரப்பில் குனிந்து நின்று இத்தனை உயிரைக் காத்தவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பேர் ‘எலி பிடிக்கிறவன்’.

என் வரப்பில் நான் கற்றது

எலி என்றதும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வெட்கப்பட வேண்டிய கதைதான்.

பல வருசம் வெளியே வேலை பார்த்துவிட்டு மதுராந்தகம் பக்கம் பூர்வீக நிலத்துக்குத் திரும்பி வந்தவன் நான். உரம் போடுவதில்லை, பூச்சிமருந்து அடிப்பதில்லை, பஞ்சகவ்யமும் மீன் அமிலமும்தான். முதல் சம்பாவில் பயிர் நல்லா வந்தது. கதிர் வருகிற நேரத்தில் எலி இறங்கியது. காலையில் போனால் வட்டம் வட்டமாக வெட்டிப் போட்டிருக்கும். தாங்க முடியாமல் பொரியில் துத்தநாக பாஸ்பைடு கலந்து வரப்பில் வைத்தேன். “பயிருக்குப் போடலையே, வரப்புக்குத்தானே” என்று எனக்கு நானே சமாதானம். மூணு நாள் எலி குறைந்தது. பிறகு ஓர் எலிகூட அந்தப் பொரியைத் தொடவில்லை. கொஞ்சம் தின்று பிழைத்த எலி மறுபடி அந்தப் பக்கம் போகாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த போகத்தில் கடைக்காரர் கொடுத்த புரோமடையலோன் கட்டியை வைத்தேன். இது ரத்தத்தை உறையவிடாமல் செய்து நாலைந்து நாள் கழித்துக் கொல்லும். அந்த நாலைந்து நாளும் எலி தள்ளாடிக்கொண்டு வெட்டவெளியில் திரியும். ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் பனைமரத்தடியில் ஒரு கூகை செத்துக் கிடந்தது. ராத்திரியில் என் வயலுக்குக் காவல் இருந்த பறவை. கூகை ஜோடி ஒன்று குஞ்சு வைத்திருக்கும் காலத்தில் எத்தனை எலியைத் தூக்கும் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் எதைக் கொன்றேன் என்று.

மூன்றாவது வருசம்தான் ஏரிக்கரை ஓரம் குடியிருந்த ஓர் இருளர் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அவரும் அவர் வீட்டம்மாவும் மருமகனும் ஒரு கடப்பாரை, ஒரு பானை, ஒரு கோணிப்பையோடு வந்தார்கள். நான் மண்வெட்டியோடு பின்னாலேயே நடந்தேன்.

“ஐயா, நீங்க பாக்குற ஓட்டை எல்லாம் பழசு. அதுல எலி இல்ல. இந்தோ பாருங்க, மண்ணு ஈரமா புதுசா தள்ளியிருக்குது. இதான் வாசல். தப்பிச்சுப் போற வழி அந்தாண்ட இருக்கும், மண்ணால மெல்லிசா மூடி வெச்சிருக்கும்.”

எட்டடி தள்ளிக் காலால் தட்டினார். மண் உள்ளே இறங்கியது. அதை அடைத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் புகை போட்டார். அரை நாளில் முப்பதுக்கு மேல் எலி. ஒரு வளையில் மட்டும் மூணு படி நெல் தேறுகிற அளவுக்குக் கதிர் அடுக்கி வைத்திருந்தது. ஒரு வளைக்குள் கையை விடப் போனவர் சட்டென்று நிறுத்திவிட்டு, “இதுல எலி இல்லீங்க, பாம்பு போயிருக்குது. இதை வுட்டுருங்க, அதும் நம்ம வேலையைத்தான் செய்யுது” என்றார். வளைவாசலில் மண் வழவழப்பாக இருந்தது. எனக்குக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

போகும்போது ஒன்று சொன்னார்: “வரப்பை இவ்ளோ அகலமா வெச்சிக்கினா எலிக்கு மெத்தை வூடு கட்டிக் குடுத்தாப்பல ஆயிடும் ஐயா. சின்னதா வையுங்க.” எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. வரப்பை ஒரு முழத்துக்குக் குறைத்தேன். அடுத்த போகத்தில் வளை எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிற அளவில் குறைந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்க. வரப்பெலி மூன்று வாரச் சினையில் ஆறு ஏழு குட்டி போடும். அந்தக் குட்டிகள் மூன்று மாதத்தில் தாயாகும். கதிர் வந்த பிறகு பிடித்தால் நூறு எலியைப் பிடிக்க வேண்டும். தூர் கட்டும் பருவத்தில், அடுத்த ஈற்றுக்கு முன்னாலேயே பிடித்தால் பத்தைப் பிடித்தால் போதும். இந்தக் காலக்கணக்கு தெரிந்தவர்கள் நம்ம ஏரிக்கரையிலேயே இருக்கிறார்கள். நாமோ அதைத் தேடி யூடியூபில் உட்கார்ந்திருக்கிறோம்.

திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

செங்கல்பட்டு, செய்யூர், மதுராந்தகம் பக்கம் இப்போது நிறைய பேர் திரும்பி வருகிறார்கள். ஐ.டி. வேலையை விட்டவர்கள், வளைகுடாவிலிருந்து வந்தவர்கள், அமெரிக்காவில் இருபது வருசம் இருந்தவர்கள். வரட்டும். மனை போட்டு விற்கப்படுகிற ஒவ்வோர் ஏக்கருக்கும் நடுவில் ஒருவர் வந்து நெல் நடுகிறார் என்றால் அது நல்ல காரியம். அவர்கள் கொண்டு வருகிற விற்பனை அறிவும், கணக்கு வழக்கும், துணிச்சலும் நமக்குத் தேவை.

ஆனால் வந்ததும் முதல் வேலையாக என்ன செய்கிறோம்? ஜேசிபி கூப்பிட்டுப் புதரை அழிக்கிறோம். சுற்றிலும் முள்கம்பி போடுகிறோம். பாம்பு வரக் கூடாது என்று எதையோ தெளிக்கிறோம். அந்தப் புதரோரம் மூலிகை பறித்தவரும், அந்த வரப்பில் எலி பிடித்தவரும் கம்பிக்கு வெளியே நிற்கிறார்கள். மண்ணைக் காக்க வந்த வீரர்களாக நம்மை நாமே நினைத்துக்கொள்கிறோம். அந்த மண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு வாசலை மூடிவிடுகிறோம்.

நம்மாழ்வார் ஐயாவை நினைத்துப் பாருங்க. வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அந்த ஆராய்ச்சி மானாவாரிக்காரனுக்கு உதவவில்லை என்று வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார். வந்தவர் பாடம் நடத்தத் தொடங்கவில்லை. உழவர்களிடம் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் உப்பேறிய நிலங்களை மீட்கப் போனபோதும் உள்ளூர் உழவர்களோடு சேர்ந்துதான் செய்தார். திரும்பி வந்தவரின் அனுபவம், ஊரில் இருந்தவரின் அனுபவத்தோடு கைகோத்த இடத்தில்தான் மண் மீண்டது.

எதிர்க்கேள்விகள்

இதை நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு கேள்வி வந்தது. இரண்டுமே நியாயமானவை.

முதல் கேள்வி: “இருளர் பிள்ளைகளும் படித்து மேலே வரட்டுமே, அவர்களை எலி வளையிலேயே இருக்கச் சொல்கிறீர்களா?” இல்லவே இல்லை. தமிழகத்தில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களில் இருளரும் ஒருவர். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பிறகும், நம்ம மாவட்டங்களின் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் அலையாத குடும்பம் அபூர்வம். அவர்கள் பிள்ளைகள் டாக்டர் ஆகட்டும், பாம்பு ஆய்வாளர் ஆகட்டும், என்ன விருப்பமோ அது ஆகட்டும். நான் சொல்வது, இன்று இந்த வித்தையை வைத்திருப்பவர்களுக்கு அதற்குரிய கூலியும் மரியாதையும் கொடுங்கள் என்று. மரியாதையும் கூலியும் இல்லாத வித்தையை எந்தப் பிள்ளை கற்கும்? அப்பாவை ஊரே ‘வாடா போடா’ என்று கூப்பிடுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளை அந்தக் கடப்பாரையைத் தொடாது. அறுபது வயதுப் பெரியவரை இருபது வயதுப் பையன் பேர் சொல்லி ஒருமையில் அழைக்கும் பழக்கத்தை, இயற்கை விவசாயம் செய்கிற நாமாவது விட வேண்டாமா?

இரண்டாவது கேள்வி: “பானையில் வாய் வைத்து ஊதினால் அவர்கள் நுரையீரல் கெட்டுப் போகுமே?” உண்மைதான். காலம் காலமாக அந்தப் புகையைக் குடித்தே பலர் சீக்காளி ஆகியிருக்கிறார்கள். அதற்கும் வழி வந்திருக்கிறது. கைப்பிடியைச் சுற்றிப் புகையூதும் இரும்புக் கருவியை இருளர்களுக்காகவே உருவாக்கி, அந்த முயற்சி 2003இல் உலக வங்கியின் பரிசு நிதியும் பெற்றது. ஒரு கிராமத்து உழவர் குழு சேர்ந்தால், லேத் பட்டறையில் சொல்லி இப்படி ஒன்றைச் செய்து வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை.

என்ன செய்யலாம்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

எலி பிடிப்பதைத் தனி ஆள் வேலையாக விடாமல், ஏரிப் பாசனத்தில் ஒரு மடைக்குக் கீழே உள்ளவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே வாரத்தில் செய்யணும். ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் பக்கத்து வரப்பிலிருந்து எலி குடிவந்துவிடும். நடவு முடிந்து தூர் கட்டும்போது ஒரு தடவை, சூல் பிடிக்கும் முன் ஒரு தடவை. இரண்டு தடவை போதும்.

எலிக்கு இவ்வளவு என்று பேசாமல் நாள் கூலியாகப் பேசுங்கள். நல்ல வேலைக்காரர் வந்தால் எலி குறையும். எலி குறைந்ததற்காக அவருக்குக் கூலி குறைந்தால் அது என்ன நியாயம்? வளைக்குள் கிடைக்கும் நெல் அவர்களுக்கே. எலி வாயிலிருந்து மீட்டதை நாம் திரும்பக் கேட்கக் கூடாது.

வரப்பைச் சிறிதாக வையுங்கள். வயலில் பறவைத் தாங்கி நடுங்கள். பனையை வெட்டாதீர்கள். நிலத்தில் ஒரு மூலையைப் புதராகவே விடுங்கள், சாரைப்பாம்புக்கும் கீரிக்கும் அது வீடு. சாரைக்கு நஞ்சு கிடையாது, அதைப் பார்த்ததும் கம்பெடுக்காதீர்கள். எந்தப் பாம்பையும் கொல்வது சட்டப்படியும் குற்றம்.

பாம்பை விட்டுவைக்கச் சொல்கிறவன், கடிக்கு வழி சொல்லாமல் போகக் கூடாது. ராத்திரி வயலுக்கு டார்ச்சும் மூடின செருப்பும் இல்லாமல் போகாதீர்கள். மழைக்காலத்தில் தரையில் படுக்காதீர்கள், கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும், கடித்தது தெரியாமலே தூங்குவோம். கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுங்கள். கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆசுபத்திரிக்கு உடனே கொண்டு போங்கள். எந்த ஆசுபத்திரியில் மருந்து இருப்பு இருக்கிறது என்று கடிபட்ட பிறகு தேடாமல், சம்பா தொடங்கும் முன்பே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்டு வையுங்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. எங்கே எத்தனை கடி என்ற கணக்கு வந்தால்தான் எங்கே எவ்வளவு மருந்து வேண்டும் என்று தெரியும். கிராமசபையில் இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

கடைசியாக, நம் இயக்கத்தின் பயிற்சி முகாம்களுக்கு ஒரு கோரிக்கை. பஞ்சகவ்யத்துக்கு ஒரு வகுப்பு, விதைநேர்த்திக்கு ஒரு வகுப்பு என்று வைக்கிறோமே, தரையைப் படிப்பதற்கும் ஒரு வகுப்பு வையுங்கள். அதை இருளர் பெரியவர்கள் நடத்தட்டும். பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே நாற்காலி, அதே மதிப்பூதியம். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986 முதல் மூலிகைகளையும் கன்றுகளையும் வளர்த்து வருகிறது. நமக்கு வேண்டிய உயிர்வேலிக் கன்றையும் மூலிகைச் செடியையும் அங்கே கேட்டு வாங்கலாம்.

ஃபுளோரிடா அரசாங்கம் பத்தாயிரம் மைல் தாண்டி வந்து நம்ம ஏரிக்கரை ஆட்களைத் தேடிக் கூட்டிப் போனது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்த சம்பாவுக்கு நாற்று விடும்போதே உங்கள் ஊர் இருளர் குடியிருப்புக்கு ஒரு நடை போங்கள். நாள் குறித்து, கூலி பேசி, முன்பணம் கொடுத்துவிட்டு வாங்க. எலிக்கட்டி வாங்க ஒதுக்கின காசே அதற்குப் போதும்.